மகேந்திரர் பலர்

சரித்திரம் எழுதப் புகுகிறவனுக்கு இடையூறு செய்பவை பல. செல்லரித்த ஏடு, பொரிந்துபோன கல்வெட்டு, புகழ்ச்சியையே தொழிலாகக் கொண்ட அரசவைக் கவியின் பிரசஸ்தி என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயினும் இவையெல்லாம் வெளிப்படையாக நின்று வழிமறிப்பவை. ஏடு செல்லரித்திருக்கிறதென்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடுகிறபடியால் நாமும் எச்சரிக்கையோடு நடந்துகொள்கிறோம். ஆனால் ஓர் எழுத்தும் சிதையாமல், வெகுநாள் பழகிய முகத்தோடு நம்மை வரவேற்கும் பிரசித்தமான ஒரு பெயர் செய்கிற மோசம் எளிதில் பிடிபடுவதில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேசத்தில் வாழ்ந்த பலரை அது ஒருவராக்கிவிடும். யாரோ செய்த காரியத்தை இன்னொருவர் கணக்கில் வரவு வைத்துவிடும். இமயத்தின் சாரலிலிருந்து ஈழத்தின் தென்கரை வரையிலும், கடல் கடந்து காம்போஜத்திலும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் மகேந்திரன் என்னும் பெயர் இதற்கு ஒரு நல்ல உதாரணம்.

பெயர் தேவராஜனுடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விருத்திரனைக் கொல்வதற்கு முன் வெறும் இந்திரனாக இருந்தவன் அவனைக் கொன்ற பின், போரில் வென்ற அரசன் மகாராஜன் ஆவதுபோல, மகேந்திரன் ஆனான் என்று சதபத பிராமணம் காரணம் கற்பிக்கிறது. ஆகவே, இந்தப் பெயர் தொடக்கத்திலிருந்தே வெற்றியோடும் அபிஷேகத்தோடும் ஒட்டிப் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், இதைச் சூடிக்கொண்டவர்களில் இந்திரனைக் குலதெய்வமாக வழிபட்டவர் எவரையும் காண்பது அரிது. புகாரில் இருபத்தெட்டு நாள் நடந்ததாகச் சொல்லப்படும் இந்திர விழாவைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் விரித்துரைக்கின்றன. அவ்விழாவை மறந்ததனாலேயே அந்நகரைக் கடல் கொண்டது என்பது மணிமேகலையின் கதை. விழாவும் போயிற்று, இந்திரனுக்கென்று கோட்டங்கள் எடுக்கும் வழக்கமும் போயிற்று; சிவனையும் திருமாலையும் புத்தனையும் வணங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டே வந்தார்கள்.

மனிதருக்கு முன்பே மலைகள் இந்தப் பெயரை ஏற்றன. கலிங்கத்தில், இன்றைய ஒடிசாவின் தென்பகுதியில், ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயர்ந்து நிற்கும் மகேந்திரகிரியைப் பரசுராமன் தவஞ்செய்யும் இடமாகப் புராணங்கள் சொல்லும். அம்மலைமேல் வீற்றிருக்கும் கோகர்ணேசுவரரைக் கீழைக்கங்க அரசர்கள் தங்கள் குலநாதராகக் கொண்டார்கள். இராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்றும் சோழரின் புலிச்சின்னத்தோடு அங்கே இருக்கிறது. ஆனால் சீதையைத் தேடி அநுமன் கடல் தாவிய மகேந்திரமோ தென்கடலோரத்தில் இருந்தாக வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள மகேந்திரகிரியே அது என்று நம்மவர் கொண்டாடுகிறார்கள். சிவபெருமான் ஆகமங்களை வெளிப்படுத்தியதாக மாணிக்கவாசகர் பாடும் மகேந்திரம் இவ்விரண்டில் எது, அல்லது இரண்டுக்கும் அப்பாற்பட்டதா என்பதைச் சைவ அறிஞர்கள் வெகுநாளாகப் பேசிவருகிறார்கள். இன்றைக்குத் தென்பாண்டி மகேந்திரகிரியின் அடிவாரத்தில் விண்கலங்களைச் செலுத்தும் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். தாவுதல் அந்த மலைக்கு விதித்த தொழில் போலும்!

மனிதருள் முதல்வராக நாம் அறிகிறவர் முடி சூடியவரல்லர், முடியைத் துறந்தவர். அசோகச் சக்கரவர்த்திக்கும் விதிசை நகரத்துத் தேவிக்கும் பிறந்த மகேந்திரர் (இலங்கை வழக்கில் மகிந்தர்) இருபதாம் வயதில் துறவு பூண்டு, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இலங்கைக்குப் புத்த தருமத்தைக் கொண்டுசென்றார் என்று மகாவமிசம் கூறும். மான் வேட்டையாடி வந்த தேவானாம்பிய திஸ்ஸ மன்னனை அவர் இன்றைய மிகிந்தலைக் குன்றின்மேல் சந்தித்த காட்சி மிக அழகாக அந்நூலில் அமைந்திருக்கிறது. தன் நாட்டில் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் துணியாதபோது, மொட்டைத் தலையும் காவியுடையுமாக ஒருவர் மரத்தடியில் நின்று, “திஸ்ஸா” என்று அழைத்தது கேட்டு மன்னன் திடுக்கிட்டான். பிறகு துறவி அவனுடைய புத்தியைச் சோதிக்கிறார். இது என்ன மரம் என்கிறார்; மாமரம் என்கிறான். இதைத் தவிர வேறு மாமரங்கள் உண்டா என்கிறார். பல உண்டு என்கிறான். மாமரமல்லாத மரங்கள் உண்டா என்றதற்கும் உண்டு என்று பதில் வருகிறது. அந்த மாமரங்களையும் மற்ற மரங்களையும் நீக்கினால் வேறு மரம் உண்டா என்று கேட்கும்போது, “இதோ, இந்த மாமரம்” என்று மன்னன் விடை சொல்கிறான். ஒரே பெயர் தாங்கிய கூட்டத்திலிருந்து இன்னதென்று ஒன்றைப் பிரித்துக் காட்டும் இந்த விசாரணையைப் பிற்காலத்து ஆராய்ச்சிக்காரர்கள் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பாராயணம் செய்யலாம்.

ஏனெனில் குழப்பம் அந்த முதல் மகேந்திரரிடமே தொடங்கிவிடுகிறது. இலங்கை நூல்கள் அவரை அசோகரின் மகன் என்கின்றன; ஏழாம் நூற்றாண்டில் பாரதம் முழுவதும் சுற்றிய சீன யாத்திரிகர் ஹியூன் சாங்கோ அவரை அசோகரின் தம்பி என்று எழுதுகிறார். பாடலிபுத்திரத்தில் தம்பிக்காகச் சக்கரவர்த்தி அமைத்துக் கொடுத்த கல்வீட்டையும், தென்கோடியிலுள்ள மலகூட நாட்டின் தலைநகருக்குக் கிழக்கே அவர் கட்டியதாகச் சொல்லப்பட்ட பாழடைந்த விகாரத்தையும் அவர் குறிப்பிடுகிறார். அசோகரின் கல்வெட்டுகளில் மகனாகவோ தம்பியாகவோ மகேந்திரர் பெயரைக் காண முடியவில்லை. துறவி ஒருவர் வந்தார், தருமத்தை நிலைநாட்டினார், எண்பது வயதளவில் அந்தத் தீவிலேயே மறைந்தார் என்னும் இலங்கை மரபில் ஒரு பிடிமானம் இருக்கிறது. ஆகையால் நான் மகன் என்பவர்கள் பக்கம் சாய்கிறேன். ஆனியில் வரும் பொசொன் பௌர்ணமியன்று மிகிந்தலைப் படிகளில் ஏறும் ஜனத்திரளுக்கு இந்த விவாதத்தினால் ஒரு குறையும் இல்லை.

அலகாபாத்தில் நிற்கும் அசோகத் தூண் ஒன்றின்மேல், ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்குப் பின், சமுத்திரகுப்தன் தன் திக்விஜயத்தைப் பொறித்தான். அதில் தட்சிணாபதத்து அரசர் பன்னிருவரின் பெயர்வரிசை வருகிறது. காஞ்சியின் விஷ்ணுகோபன் இருப்பதும் அதிலேதான். வரிசையின் தலையில் கோசலத்து மகேந்திரன் நிற்கிறான். அவனைப் பற்றித் தகராறு இல்லை. சற்றுக் கீழே பிஷ்டபுரத்தைச் சொல்லுமிடத்தில்தான் சிக்கல். மகேந்திரகிரி என்பதே அங்கே ஓர் அரசனுடைய பெயர் என்று ஒரு சாராரும், மகேந்திரன் என்பது மட்டுமே பெயர், கிரி என்பது அடுத்து வரும் கொட்டூரத்தைச் சேர்ந்த மலை என்று மற்றொரு சாராரும் பிரித்துப் படித்தார்கள். சமஸ்கிருதத்தின் தொடர்ச்சியான எழுத்திலே, சொல்லை எங்கே வெட்டுவது என்பதைப் பொறுத்து ஓர் அரசன் மலையாகிறான், மலை அரசனாகிறது. அந்தச் சமுத்திரகுப்தனின் பேரனான முதலாம் குமாரகுப்தன் மகேந்திராதித்தன் என்று விருது பூண்டு, ஸ்ரீமகேந்திரன், சிம்ஹ மகேந்திரன், அசுவமேத மகேந்திரன் என்றெல்லாம் தன் பொற்காசுகளில் பொறித்துக்கொண்டான். பிடித்த அரசர்களை விடுவித்த பாட்டனின் கொள்கைக்கு ஒத்தாற்போல, ரகுவும் மகேந்திரநாதனின் செல்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தான் என்று காளிதாசர் ரகுவமிசத்தில் பாடியிருப்பது தற்செயலாக இராது என்று எண்ணுவோர் உண்டு.

இனி நம் காஞ்சிக்கு வருவோம். மகேந்திரன் என்றதும் தமிழனுடைய மனக்கண்ணில் தோன்றுபவன் ஏறக்குறைய 600 முதல் 630 வரையில் ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மனே. ஒரே பெயரால் பலர் ஒருவராவது பொதுவான ஆபத்து. இவன் விஷயத்திலோ ஆபத்து தலைகீழாக நேர்ந்தது. விருதுப்பெயர்களில் இவனுக்கிருந்த மோகம் எவ்வளவென்றால், ஒரு குகையில் விசித்திரசித்தன், இன்னொன்றில் குணபரன், மற்றொன்றில் சத்துருமல்லன், வேறொன்றில் லளிதாங்குரன் என்று பொறித்து, ஒரே மனிதன் பலராகத் தோன்றும்படி செய்துவிட்டான். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஓர் ஆலயம் எடுத்ததாகப் பெருமிதத்தோடு அறிவிக்கும் விசித்திரசித்தனும், திருச்சிராப்பள்ளி மலையில் லளிதாங்குர பல்லவேசுவரம் குடைந்த குணபரனும் ஒருவனேதான் என்பதை நிலைநாட்ட அறிஞர்கள் பட்ட பிரயாசை கொஞ்சமன்று.

அதற்குக் கை கொடுத்தவற்றுள் ஒன்று செங்கற்பட்டுக்கு அருகேயுள்ள வல்லத்துக் குகை. அதைக் குடைவித்தவன் அரசனல்லன். வயந்தப்பிரியன் என்னும் சிற்றரசனின் மகனான கந்தசேனன். தன் பேரரசனுடைய விருதுகளை விடாமல் சொல்லும் குடிப்பணிவோடு அவன் தமிழில் எழுதி வைத்தபடியால், சத்துருமல்லனும் குணபரனும் மயேந்திரப் போத்தரசனும் ஒரே வரிசையில் வந்து நின்றார்கள். அரசன் தன்னைப் பற்றி வடமொழியில் எழுதிய சுலோகங்கள் எல்லாவற்றையும் விட, அவனுக்கு அடங்கியவன் மகன் ஒருவன் எழுதிய இந்தச் சிறு குறிப்பு நமக்கு அதிக உபகாரம் செய்திருக்கிறது.

மற்றொன்று மகேந்திரவாடி. சோளிங்கபுரத்துக்குத் தெற்கே வயல்களின் நடுவில் தனித்துக் கிடக்கும் ஒரே பாறையை முழுதும் கோயிலாகக் குடைந்திருக்கிறார்கள். அடியும் முடியும் சதுரமாகவும் இடை எண்பட்டையாகவும் உள்ள கனத்த தூண்கள், சதுரத்தின் முகங்களில் தாமரைப் பதக்கம், ஆரவாரமில்லாத கருவறை, இவ்வளவே. தூணிலுள்ள சுலோகத்தில் அரசன் தன் பெயரை மூன்று முறை ஒரே மூச்சில் நட்டுவைத்தான்: கோயில் மகேந்திர விஷ்ணுகிருகம், ஊர் மகேந்திரபுரம், ஏரி மகேந்திர தடாகம். செய்வித்தவன் பெயரை மட்டும் குணபரன் என்று எழுதியிருக்கிறான். மூன்று மகேந்திரங்களும் ஒரு குணபரனும் ஒரே செய்யுளில் சேர்ந்தபடியால் முடிச்சு அவிழ்ந்தது. வரண்ட தொண்டை மண்டலத்தில் ஏரி வெட்டுவது எத்தகைய புண்ணியம் என்பதை அந்தப் பக்கத்துக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை; கோயிலை விட ஏரியையே அவனுடைய பெரிய காரியமாக நான் மதிக்கிறேன்.

இவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காஞ்சியின் வீதியில் கள்வெறி கொண்ட காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்த பிக்ஷு ஒருவன்மேல் பழி சுமத்தி வழக்காட, இடையே பாசுபதன் மத்தியஸ்தம் பண்ண வர, கடைசியில் நாய் கவ்விப்போன கபாலம் ஒரு பித்தன் கையிலிருந்து வெளிப்படுகிறது. ஆட்சியிலிருக்கும் அரசனே தன் தலைநகரத்துச் சமயவாதிகளைப் பெயர் சொல்லாத குறையாக நகையாடியது உலகத்து இலக்கியங்களில் சாமானியமாகக் காணக்கூடியதன்று. தமிழ்நாட்டில் மறந்துபோன இந்த நாடகத்தைக் கேரளத்துச் சாக்கியார்கள் கூத்தாக ஆடிக் காத்துவைத்தார்கள். திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் 1917ஆம் ஆண்டில் அதை அச்சேற்றினார். அதன் பிறகே சரித்திர நூல்களில் மகேந்திரன் கவியானான்.

கவியானதும் எல்லாம் ஆக்கிவிட்டார்கள். புதுக்கோட்டைச் சீமையில் சித்தன்னவாசல் ஓவியங்களைக் கண்டவர்கள், சித்திரகாரப்புலி என்று விருது கொண்டவனைத் தவிர வேறு யார் இதைத் தீட்டுவித்திருக்க முடியும் என்று வியந்தார்கள். சமணனாக இருந்து சைவனாக மாறியவன் என்னும் கதையும் அதற்கு அனுகூலமாயிற்று. குடுமியான்மலையில் சுரங்களை வரிசை வரிசையாக வெட்டியிருக்கும் சங்கீதக் கல்வெட்டையும், சங்கீர்ணஜாதி என்றொரு விருது இருப்பதைக் காரணமாகக் காட்டி, அவனுக்கே உரிமையாக்கினார்கள். பிற்பாடு சித்தன்னவாசலிலேயே, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்னும் சமணப் பெரியார், அவனிபசேகர ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், அக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் தமிழ்ச் செய்யுட் சாசனம் படிக்கப்பட்டது. குடுமியான்மலைக் கல்வெட்டையும் பல்லவனுடையதன்று என்று மறுப்போர் தோன்றினார்கள். பெரிய பெயர் தன் அக்கம்பக்கத்தில் உள்ளதையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொள்ளும் விதம் இதுதான். இளங்கௌதமனுக்கு உரிய புகழ் ஒரு தலைமுறைக்காலம் பல்லவனிடம் அடைமானமாகக் கிடந்தது.

காஞ்சியில் மகேந்திரவர்மன் ஆண்ட அதே காலத்தையொட்டி, மேகோங் நதிக்கரையில் மற்றொரு மகேந்திரவர்மன் ஆண்டான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். சித்திரசேனன் என்பது அவனுடைய இயற்பெயர். சீனரின் சுய் வமிச சரித்திரத்திலும் அந்தப் பெயரே காணப்படுகிறது. அபிஷேகத்தின்போது மகேந்திரவர்மன் ஆனதாகவும், வெற்றியின் அடையாளமாகக் கிரீசனுடைய லிங்கத்தை நாட்டியதாகவும், இன்றைய லாவோஸ் நாட்டிலுள்ள அவனுடைய வடமொழிச் சாசனம் கூறும். பெயரும் ஒன்று, காலமும் அண்டினாற்போல, இருவரும் சிவனுக்கு ஆலயமோ லிங்கமோ எடுத்தவர்கள். இவ்வளவும் சேர்ந்தால் நம்மவர் சும்மா இருப்பார்களா? பல்லவ ரத்தமே காம்போஜத்தில் ஓடியது என்று எழுதிவிட்டவர்களும் உண்டு. வர்மன் என்னும் விகுதி அக்காலத்தில் அரசராக விரும்பிய எவரும் அணிந்துகொள்ளக் கூடியதாக இருந்தது என்பதையும், அபிஷேக நாமத்தைக் கொண்டு குலத்தை நிச்சயிக்கலாகாது என்பதையும் ஆசை மறைத்துவிட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 802இல், இரண்டாம் ஜயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாகப் பிரகடனம் செய்துகொண்ட குன்றுக்கு மகேந்திரபர்வதம் என்று பெயர். இன்று அது குலேன் மலை. காடு மூடிய அந்தக் குன்றின்மேல் ஆகாயத்திலிருந்து ஒளிக்கற்றை செலுத்தி 2012இல் நடத்திய அளவையில், வீதிகளும் கரைகளுமாக ஒரு நகரத்தின் அமைப்பே புலப்பட்டது.

ஈழத்தில் இந்தப் பெயர் துறவியிடமிருந்து அரசருக்குப் போயிற்று. மகிந்தன் என்ற பெயரில் ஐவர் அநுராதபுரத்தை ஆண்டார்கள். அவர்களுள் நாலாமவன் மிகிந்தலையில் இரண்டு பெரிய கற்பலகைகளில், விகாரத்துப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கூலி, எவ்வளவு நிலம் என்று கணக்காகப் பொறித்து வைத்தான். நிர்வாகம் தெரிந்த மனிதன். ஐந்தாமவனுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. வரி வசூலாகவில்லை, சம்பளம் கிடைக்காத கேரளப் படைவீரர்கள், பணம் தரும் வரையில் அரசன் சாப்பிடக் கூடாது என்று வாளேந்தி அரண்மனை வாசலை அடைத்தார்கள். ராஜாதிராஜனாகிய இந்திரனின் பெயரைத் தாங்கியவன் சுரங்க வழியாகத் தப்பி ரோகண நாட்டுக்கு ஓடினான் என்று சூளவமிசம் சொல்கிறது. இந்த அலங்கோலத்தைக் குதிரை வியாபாரி ஒருவன் அக்கரையிலிருந்த சோழனுக்குத் தெரிவித்தானாம். வடபகுதியை முதலாம் இராஜராஜன் கைப்பற்றினான். இராஜேந்திரனின் படை 1017இல் மகிந்தனையும் அவன் தேவியையும் முடியையும் பிடித்துவந்தது. ஈழத்தரசர் முடியும், அவர் தேவியர் முடியும், பாண்டியன் முன்பு அங்கே அடைக்கலம் வைத்துப்போன முடியும் இந்திரன் ஆரமும் கிடைத்ததை இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி மறவாமல் சொல்லிக்கொள்ளும். மகேந்திரனிடமிருந்து இந்திரனுடைய ஆரத்தைப் பறித்த மகிழ்ச்சியைச் சோழக் கவி விடுவானா? பன்னிரண்டு ஆண்டுகள் சோழநாட்டில் இருந்து 1029இல் மகிந்தன் இறந்தான். வெற்றி பெற்றவர்களின் பேரர்களாகிய நாம் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துபோவது வழக்கம். கைதியாக வந்த ஒருவன் காவிரி நாட்டில் கழித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் தனியாக ஒரு நூலுக்குத் தகுந்த விஷயம்.

பெயரொற்றுமை சரித்திரத்தையே புரட்டிப்போட்ட கதை வங்காளத்தில் நடந்தது. கன்னோசியில் கூர்ஜரப் பிரதீஹார வமிசத்து மகேந்திரபாலன் 885 முதல் ஏறக்குறைய 910 வரை ஆண்டான். கர்ப்பூரமஞ்சரி இயற்றிய ராஜசேகர கவி அவனுடைய குரு. மகேந்திரபாலன் என்ற பெயரில் பீகாரிலும் வங்காளத்துப் பஹார்பூரிலும் சாசனங்கள் அகப்பட்டபோது, வேறு மகேந்திரபாலன் ஒருவனும் தெரிந்திராதபடியால், கன்னோசியின் ஆட்சி வடவங்கம் வரை பரவியிருந்ததென்று பேராசிரியர்கள் முடிவு கட்டினார்கள். பாடபுத்தகங்களின் தேசப்படங்களிலும் அதற்குத் தக்கபடி வர்ணம் பூசினார்கள். 1987இல் மால்டா ஜில்லாவிலுள்ள ஜகஜ்ஜீவன்பூரில் ஒரு செப்பேடு மண்ணிலிருந்து வெளிவந்தது. அதிலுள்ள மகேந்திரபாலன் பால வமிசத்துத் தேவபாலனின் மகன்; அதுவரை எந்த வமிசாவளியிலும் இடம் பெறாதவன். கூர்ஜரனுக்குக் கொடுத்திருந்த நிலப்பரப்பை ஒரு செப்புத் தகடு பறித்து, உரியவனிடம் ஒப்படைத்தது. நுளம்பபாடியிலும் ஒரு மகேந்திரன் இருந்தான். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தகடூர் (இன்றைய தருமபுரி) வரை ஆண்ட அவனை வீழ்த்திய கங்க அரசன் எரெயப்பன் மகேந்திராந்தகன் என்று பட்டம் சூடிக்கொண்டான்.

அரசருக்கே உரியதாக இருந்த இந்தப் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், முக்கியமாக வங்காளத்தில், வைத்தியர் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் குடியேறிற்று. அங்கேயும் இருவர் ஒரே அறையில் வந்து சேர்ந்தார்கள். தொண்டைப் புற்றினால் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர் அவதிப்பட்ட 1885–86ஆம் ஆண்டுகளில் அவருக்குச் சிகிச்சை செய்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். அந்தச் சம்பாஷணைகளைக் குறித்துக்கொண்டவர் பள்ளி ஆசிரியர் மகேந்திரநாத குப்தர். முன்னவர் கல்கத்தாவில் எம்.டி. பட்டம் பெற்றும், சக வைத்தியர்களின் நிந்தனையைப் பொருட்படுத்தாமல் ஹோமியோபதிக்கு மாறிய பிடிவாதக்காரர். அவதாரம் என்றெல்லாம் சொன்னால் முகத்துக்கு நேரே மறுப்பவர். ஆனாலும் பரமஹம்சரிடம் பேச உட்கார்ந்தால் மற்ற நோயாளிகளை மறந்துவிடுபவர். பின்னவர் காலையில் அந்த வைத்தியரின் வீட்டுக்குப் போய் நோயின் நிலையைச் சொல்லிவிட்டு, இரவில் நாட்குறிப்பை எழுதியவர். 1902 முதல் 1932 வரையில் ஐந்து பாகங்களாக வெளிவந்த கதாமிருதத்தில் அவர் தம் பெயரை ‘ம’ என்ற ஓரெழுத்துக்குள்ளும், மணி, மாஸ்டர் என்ற புனைபெயர்களுக்குள்ளும் ஒளித்துக்கொண்டார். ஒரே பாறையில் மூன்று முறை தன் பெயரை வெட்டுவித்த பல்லவனையும், ஐந்து பாகம் எழுதியும் பெயரை மட்டும் எழுத மறுத்த இந்த வாத்தியாரையும் ஒரே பெயர் சுமந்தது!

மகேந்திரலால் 1876இல் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். இந்தியரின் பணத்தால், இந்தியரின் நிர்வாகத்தில் நடக்க வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். கட்டடம் எழுந்தது, கருவிகள் வந்தன. வாழ்நாளெல்லாம் அதைக் கொண்டு ஆராய்ச்சி செய்ய ஆள்தான் வரவில்லை. அந்த மனக்குறையோடேயே 1904இல் அவர் காலமானார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் கணக்கு இலாகாவில் உத்தியோகமாகி வந்த தமிழ் இளைஞர் ஒருவர் பௌபஜார் வீதியில் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். சந்திரசேகர வேங்கட ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல் உண்மை அந்தக் கட்டடத்திலேதான் பிறந்தது. ராமனை அறியாத பள்ளிப்பிள்ளை நம் நாட்டில் இல்லை. மகேந்திரலாலை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

ராஜா மகேந்திர பிரதாபர் வேறொரு ரகம். 1915 டிசம்பர் 1ஆம் தேதி காபூலில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அமைத்து அதன் ஜனாதிபதியான அவர், திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர் செண்பகராமன் பிள்ளையை அதில் வெளிநாட்டு மந்திரியாகக் கொண்டார். பெயரிலேயே மத ஒற்றுமை விளங்க வேண்டுமென்று பீட்டர் பீர் பிரதாப் என்றும் வைத்துக்கொண்டார். முப்பது ஆண்டு அஞ்ஞாதவாசத்துக்குப் பின் 1946இல் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். நேபாள மன்னர் மகேந்திரர் 1960 டிசம்பரில், ஜனங்கள் தேர்ந்தெடுத்த கொய்ராலா மந்திரிசபையைக் கலைத்து மந்திரிகளைச் சிறையிலிட்டவர். 1963ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் வழியாக ஜாதி வேற்றுமைக்குச் சட்டத்தில் இருந்த ஆதரவை நீக்கியவரும் அவரே. கிழக்கு மேற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ராஜபாட்டைக்கு அவர் பெயர் இன்னும் இருக்கிறது. மகேந்திரநகர் என்ற ஊருக்கு, முடியாட்சி போன பின், விவசாயிகளுக்காகப் போராடிய பீமதத்த பந்தின் பெயரை வைத்துவிட்டார்கள்.

தமிழ் வீடுகளில் மகேந்திரன்கள் பெருகியது இருபதாம் நூற்றாண்டில். கல்கியின் சிவகாமியின் சபதம் 1944 முதல் தொடர்ந்து வெளிவந்தபோது மகேந்திர பல்லவர் குடும்ப நண்பர்போல ஆகிவிட்டார். மயிலை சீனி வேங்கடசாமி அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். அலெக்ஸாண்டர் என்று பெயர் பெற்ற ஒருவர் மகேந்திரன் என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு, முள்ளும் மலரும், உதிரிப்பூக்கள் என்ற திரைப்படங்களை எடுத்தார். ராஞ்சியில் பிறந்த மகேந்திர சிங் தோனியைச் சென்னைக்காரர் சுவீகாரம் எடுத்துக்கொண்டது எல்லாரும் அறிந்தது. இலங்கையில் ஜனாதிபதியாயிருந்த ராஜபக்ஷவின் முழுப்பெயரில் மகேந்திர என்றே இருக்கிறது. மகிந்த என்பது புழக்கத்தில் வந்த உருவம்.

கடைசியாக, ஊர்ச் சரித்திரம் எழுத முற்படும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சீகாழிக்கு அப்பால், சம்பந்தர் பாடிய திருமயேந்திரப்பள்ளி இருக்கிறது. மகேந்திரமங்கலம் திருச்சி மாவட்டத்தில் ஒன்று, தருமபுரி மாவட்டத்தில் ஒன்று என இரண்டு உண்டு. தருமபுரிப் பக்கம் நுளம்ப மகேந்திரன் ஆண்ட சீமை என்பதை மேலே கண்டோம். காஞ்சிப் பல்லவரிலேயே முதலாமவனைத் தவிர அவனுடைய பேரன் ஒருவனும், கைலாசநாதர் கோயிலின் முன்னே மகேந்திரவர்மேசுவரம் எடுத்த ராஜசிம்மனின் மகன் ஒருவனும் அதே பெயருடையவர்கள். ஆகையால் உங்கள் ஊர்ப் பெயரிலோ கோயிற் கல்லிலோ மகேந்திரன் என்றிருந்தால், குடமுழுக்கு மலரில் பல்லவன் கட்டியது என்று அச்சடிப்பதற்கு முன்னால், அந்தக் கல்லை ஒரு மைப்படி எடுத்து, எழுத்தின் காலம் என்ன, ஆட்சியாண்டு யாருடையது என்று கல்வெட்டுப் படித்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.